பூனையின் மேல் ஒரு பொய்வழக்கு

வீட்டுப் பூனை தனக்கென்று வைத்த மண்பெட்டியை விட்டுவிட்டு மெத்தையிலும் சோபாவிலும் மடித்துவைத்த துணியிலும் சிறுநீர் கழித்தால், பெரும்பாலான வீடுகளில் அதற்குக் கிடைக்கும் விளக்கம் ஒன்றே ஒன்று: அது வேண்டுமென்றே செய்கிறது. இரண்டு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்ததற்குக் கோபம், மீன் போடாததற்கு அடம், புதிதாகப் பிறந்த குழந்தையின் மேல் பொறாமை, அடித்ததற்கு வஞ்சம். பழைய மாமல்லபுரம் சாலையில் நாவலூர், சிறுசேரி, கேளம்பாக்கம், தையூர் என்று வரிசையாக எழும்பியிருக்கும் அடுக்குமாடிகளிலும் சரி, செங்கல்பட்டு நகரத்துத் தனிவீடுகளிலும் சரி, பூனை வளர்ப்பவர்களுக்கு இதில் கருத்து வேறுபாடு அதிகம் இல்லை. நன்றாகப் படித்தவர்களும் இதையே சொல்கிறார்கள். ஆனால் இந்த விளக்கம் தவறு. இதைத் தாங்கி நிற்பதாகச் சொல்லப்படும் ஒவ்வொரு சான்றும், கிட்டப்போய்ப் பார்த்தால், வேறொன்றைத்தான் காட்டுகிறது. வெறும் தவறாக இருந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கடுவன் பூனைகள் சிலவற்றின் உயிரையும் இது வாங்கிவிடுகிறது.

பழிவாங்குவது அத்தனை எளிய வேலை அல்ல. தான் செய்யப்போவது மற்றவரை வருத்தும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அந்த வருத்தத்தை அவர் முந்தைய சம்பவம் ஒன்றோடு சேர்த்துப் பார்ப்பார் என்றும் எதிர்பார்க்க வேண்டும். அதுவரை மனத்துக்குள் கறுவிக்கொண்டு காத்திருக்கவும் வேண்டும். இவ்வளவையும் பூனை செய்கிறது என்று எந்த ஆய்வும் காட்டியதில்லை. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. இந்தத் திட்டத்துக்கு ஆதாரமான அருவருப்பு பூனையிடம் இல்லை. நாறிக் கிடக்கும் பெட்டியில் கால் வைக்க அது தயங்கும் என்பது உண்மைதான். ஆனால் தன் வாடை தன் இடத்தில் இருப்பது அதற்கு நிம்மதி. பூனைச் சிறுநீரில் காக்சின் என்ற புரதம் மிகுதியாக இருப்பதையும், ஃபெலினின் என்ற கந்தகச் சேர்மம் உருவாக அது உதவுவதையும் ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006இல் விளக்கினார்கள். அந்தச் சேர்மம் சிதையும்போதுதான் குடலைப் பிடுங்கும் அந்த நெடி கிளம்புகிறது. கருத்தடை செய்யாத கடுவனிடம் அது அதிகம். மற்றப் பூனைகளுக்கு அந்த நெடி ஒரு செய்தி: யார் வந்தது, எப்போது வந்தது, ஆணா பெண்ணா. அதே நெடி மனிதருக்குக் குமட்டும் என்று கணக்குப் போட, மனித மூக்கைப் பற்றிப் பூனைக்குத் தனியாக ஒரு படிப்பு வேண்டும்.

பழிவாங்கல் விளக்கத்தின் இன்னொரு கோளாறு, அது எதற்கும் பொருந்திவிடுவது. மெத்தையில் போனால் வஞ்சம், தரையில் போனால் சோம்பல், குளியலறை வடிகாலில் போனால் குறும்பு, பெட்டியின் விளிம்புக்கு அப்பால் போனால் திமிர். எங்கே போனாலும் பொருந்துகிற விளக்கத்தால் எதுவும் விளங்குவதில்லை. இடத்தை மட்டும் உற்றுப் பார்த்திருந்தாலே வேறு கேள்விகள் பிறந்திருக்கும். பெட்டிக்கு அருகிலேயே போகும் பூனைக்கு அந்த மூலை பிடித்திருக்கிறது, பெட்டிக்குள் ஏதோ ஒன்று பிடிக்கவில்லை. வடிகாலையும் வழவழப்பான டைல்ஸையும் தேடிப்போகும் பூனைகளில் சிலவற்றுக்குச் சிறுநீர்ப்பையில் வலி இருக்கலாம். ஜன்னல் திரையின் கீழ்நுனி மட்டும் நனைந்திருந்தால் அது வேறு கதை.

முதலில் மணல். செங்கல்பட்டு மாவட்டத்தில் வீடு கட்டிய எவருக்கும் தெரிந்த காட்சி இது: லாரியில் வந்த எம்-சாண்டைத் தெருவோரம் கொட்டிய மறுநாள் காலை, சித்தாள் சல்லடையைச் சாய்த்துவைத்து மணலை வாரி வீசும்போது, கம்பிவலையில் முதலில் தங்குவது பூனைக் கழிவு. குவியலின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சிறு பள்ளம், அதை மூடிய நகக் கீறல்கள், ஈரம் பட்ட இடத்தில் மணல் கட்டியாக இறுகியிருக்கும். தெருப்பூனை, வீட்டுப் பூனை என்ற பேதம் இல்லாமல் எல்லாம் அங்கே வரும். எதற்கும் யாரும் பழக்கவில்லை. மாமல்லபுரத்துக்கு வடக்கே தேவனேரியிலும் தெற்கே கொக்கிலமேட்டிலும் கரையில் ஏற்றிவைத்த படகுகளின் நிழலில் திரியும் பூனைகளுக்கு இந்தப் பிரச்சினையே எழுவதில்லை. கடற்கரை முழுவதும் அவற்றின் மண்பெட்டிதான்.

இந்தப் பழக்கம் மிகப் பழையது. உலகின் வீட்டுப் பூனைகள் எல்லாம் மேற்காசியப் பகுதியின் காட்டுப் பூனை இனம் ஒன்றிலிருந்து வந்தவை என்று 2007இல் வெளியான மரபணு ஆய்வு கூறியது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுப் பழைய புதைகுழி ஒன்றில் மனித எலும்புக்கூட்டுக்கு அருகே ஒரு பூனையின் எலும்புக்கூடும் கிடைத்திருக்கிறது. வறண்ட நிலத்தில் வாழ்ந்த அந்த மூதாதையிடமிருந்து வீட்டுப் பூனைக்கு வந்தவை இரண்டு: சிறுநீரை மிகவும் செறிவாக்கி நீரை மிச்சப்படுத்தும் சிறுநீரகம், பொலபொலவென்ற மண்ணைத் தோண்டி மூடும் பழக்கம். பெட்டி என்ற சங்கதி நேற்று வந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட்வர்ட் லோ என்பவர், எண்ணெய் உறிஞ்சுவதற்காக விற்ற களிமண் குறுணையைப் பூனைக்கென்று பையில் கட்டி விற்கத் தொடங்கியது 1947இல்தான். அதற்கு முன் அங்கும் சாம்பலும் மணலும்தான். ஆக, பூனைக்கு உறவு மணலோடு. அதன் இடத்தில் பிளாஸ்டிக் தட்டையும் கடைச் சரக்கையும் கொண்டுவந்து வைத்தது மனிதர்.

அந்தச் சரக்கு என்ன என்பதில்தான் பல வீடுகளில் கோளாறு தொடங்குகிறது. லாவெண்டர் மணம் ஏற்றிய குறுணை, விரல் கணு நீளத்துக்கு மர உருளைகள், கண்ணாடிச் சில்லு மாதிரியான சிலிக்கா இவையெல்லாம் வாங்குபவரின் மூக்குக்கும் துடைப்பத்துக்கும் வசதியானவை. தேர்ந்தெடுக்க விட்டால் பெரும்பாலான பூனைகள் போவது மணமற்ற, மணலைப் போலப் பொடியான, ஈரம் பட்டால் கட்டியாகும் பெண்டோனைட் களிமண்ணுக்குத்தான். அது கட்ச்சிலும் ராஜஸ்தானிலும் ஏராளமாகத் தோண்டி எடுக்கப்படுகிறது. காலடியில் குத்தும் உருளையைவிட இலவம்பஞ்சு மெத்தை மணலுக்கு அருகில் இருக்கிறது. பாதம் புதைகிறது, நகத்தால் வாரலாம், நீரை உறிஞ்சிவிடுகிறது, தேங்கி நிற்பதில்லை. மெத்தையைத் தேர்ந்தெடுத்த பூனை பெரும்பாலும் எஜமானரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை, தரையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறது.

பெட்டி வைக்கும் இடமும் கவனிக்கத்தக்கது. கடலோர அடுக்ககங்களில் அது பெரும்பாலும் பால்கனியாகவோ துணி துவைக்கும் இயந்திரம் நிற்கும் யுடிலிட்டியாகவோ இருக்கும். வீட்டாரின் கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டாத மூலைகள் அவை. யுடிலிட்டியில் பூனை குந்தியிருக்கும் அதே நிமிடத்தில் இயந்திரம் பிழியும் சுற்றுக்கு மாறி அதிரத் தொடங்கினால், அந்த ஒருமுறையே போதும், அதற்குப் பிறகு அந்த அறைப்பக்கம் அது எட்டிப் பார்க்காது. பால்கனிக்கு எதிரி ஐப்பசியும் கார்த்திகையும். கடற்காற்றோடு சாய்ந்தடிக்கும் வடகிழக்குப் பருவமழையில் பெண்டோனைட் ஊறிச் சேறாகிவிடும். 2022 டிசம்பர் 9ஆம் தேதி நள்ளிரவில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரையைக் கடந்தது போன்ற இரவில் எந்த வீட்டில் பால்கனிக் கதவைத் திறந்துவைப்பார்கள்? கதவைச் சாத்தியதும் பெட்டி வெளியே, பூனை உள்ளே. காலையில் சோபா நனைந்திருந்தால் அது யார் குற்றம் என்று பார்த்தால் தாழ்ப்பாள்மீது போய்த்தான் விழும்.

இதோடு பினாயில். பெட்டியைக் கழுவும்போது பளிச்சென்று வாசம் வர வேண்டும் என்று அதை ஊற்றுவது தமிழ்நாட்டு வீடுகளின் வழக்கம். பீனால் வகைச் சேர்மங்களை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. மனிதருக்குச் சாதாரணமான பாராசிட்டமால் பூனையைக் கொல்வதும் இதே குறையால்தான். பெட்டியிலிருந்து அந்த நெடி வந்தால் பூனை விலகிப்போவது அதற்கு நல்லது. சோபாவுக்குக் காவலாக அந்துருண்டை போட்டுவைப்பதும் இதே கதைதான். அதிலுள்ள நாப்தலீன் நஞ்சு. பெட்டிக்கு வெந்நீரும் லேசான சோப்பும் போதும். நனைந்த மெத்தைக்கும் சோபாவுக்கும்தான் வாடையை அடியோடு சிதைக்கும் நொதி கலந்த திரவம் தேவை. அங்கே எஞ்சிய வாடை பூனையைத் திரும்பவும் அதே இடத்துக்கு அழைக்கும். மூன்றாம் முறையும் அங்கேயே போவதைப் பிடிவாதம் என்று பெயரிட்டுவிடுகிறார்கள்.

பெட்டியையும் மண்ணையும் இடத்தையும் சரிசெய்தால் தீரும் வழக்குகள் பல. ஆனால் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது உடம்பு. பழிவாங்கல் பேச்சு மிகப் பெரிய தீங்கு செய்வதும் இங்கேதான்.

சித்திரை வெயிலில் பிள்ளைக்கு நீர்க்கடுப்பு வந்தால் செங்கல்பட்டு வீடுகளில் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். சொட்டுச் சொட்டாகப் போகிறது, எரிகிறது என்று அது அழுதால் இளநீர் வரும், நீர்மோர் வரும், வெந்தயம் ஊறும். ‘சூடு பிடிச்சிக்கிச்சு’ என்று பாட்டி சொல்லி முடிக்கும் முன்னே யாராவது டாக்டரிடம் கிளம்பியிருப்பார்கள். அந்தப் பிள்ளை பாயை நனைத்துவிட்டால் அதைத் திமிர் என்று யாரும் சொல்வதில்லை. அதே வீட்டில் பூனை ஒரு மணி நேரத்தில் ஆறேழு தடவை குந்தி, ஒவ்வொரு தடவையும் நாலு சொட்டு விட்டு, கடைசியில் மெத்தைக்கு ஓடினால், அதற்குக் கிடைப்பது துடைப்பம். அறிகுறி ஒன்றுதான். பேச வாய் இல்லாததுதான் வேறுபாடு.

நடுவயது வரையுள்ள பூனைகளில் சிறுநீர்ப்பைத் தொல்லைக்குப் பாதிக்கும் மேற்பட்ட வேளைகளில் கிருமியும் இல்லை, கல்லும் இல்லை. பையின் உட்சுவர் அழன்றிருக்கும், அதற்குத் தனிக் காரணம் பிடிபடாது. இதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் டோனி பஃபிங்டன். நோய் பைக்குள் மட்டும் இல்லை. நரம்பு, அட்ரீனல் சுரப்பி, வாழும் சூழல் எல்லாம் அதில் பின்னிக் கிடக்கின்றன என்பது அவரது முடிவு. இந்நோயுள்ள 46 வீட்டுப் பூனைகளின் சூழலை மாற்றி, ஒளிந்துகொள்ள இடம், உயரத்தில் உட்காரத் தட்டு, ஒழுங்கான விளையாட்டு, நல்ல பெட்டி என்று ஏற்பாடு செய்து 10 மாதம் பின்தொடர்ந்தபோது அறிகுறிகள் குறிப்பிடத்தக்க அளவு குறைந்ததை அவரது குழு 2006இல் வெளியிட்டது. தண்ணீரும் முக்கியம். நெத்திலிக் கருவாடும் பாக்கெட் உலர்தீனியும் மட்டுமே தின்னும் பூனையின் உடம்புக்கு நீர் போதாது. உலர்தீனியில் நீர் ஏறத்தாழ 10 சதவீதம், பச்சை மீனில் 70 சதவீதத்துக்கு மேல். கோவளத்துக் கரையில் விழும் மீன் தலையைத் தின்னும் பூனை இந்த ஒரு விஷயத்திலாவது சிறுசேரி ஃபிளாட் பூனையைவிட வசதியாக வாழ்கிறது.

இந்த அழற்சிக்கு ஒரு குணம் உண்டு. ஒவ்வொரு முறையும் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அது தானாகத் தணிந்துவிடும். சில மாதம் கழித்து மீண்டும் தலைகாட்டும். ‘நாலு நாள் நல்லா போட்டேன், அப்புறம் செய்யவே இல்லை’ என்று பூனையை அடித்தவர்கள் சொல்லும் அனுபவச் சான்றின் அடிப்படை இதுதான். அவர்கள் அடித்திருக்காவிட்டாலும் அது ஐந்தாம் நாள் நின்றிருக்கும். வேப்பிலை அடித்திருந்தாலும் நின்றிருக்கும். தானே தணியும் நோய் எந்த வைத்தியத்துக்கும் நற்பெயர் வாங்கித் தரும். அடியும் ஒரு வைத்தியமாகிவிட்டது இப்படித்தான். அடுத்த முறை அறிகுறி திரும்பும்போது ‘மறுபடியும் ஆரம்பிச்சிட்டான்’ என்று துடைப்பமும் திரும்புகிறது. அச்சம் கூடக்கூட இந்நோய் கிளம்புவதும் கூடுகிறது என்பது யாருக்கும் உறைப்பதில்லை.

கடுவனுக்கு வரும் அடைப்பு இதிலும் கொடியது. ஆண் பூனையின் சிறுநீர் வெளியேறும் குழாய் நுனியில் மிகக் குறுகலானது. அழற்சியில் உதிர்ந்த சவ்வும் நுண்படிகமும் சேர்ந்து அதை அடைத்துக்கொண்டால் ஒரு சொட்டும் வெளிவராது. பை கல்லாக இறுகும், இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். கவனிக்காவிட்டால் இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். அதற்கு முந்தைய மணிநேரங்களில் கண்ணுக்குத் தெரிவது என்ன? பூனை அங்கங்கே குந்துகிறது, கத்துகிறது, குறியை நக்கிக்கொண்டே இருக்கிறது, மூலையில் ஒதுங்குகிறது, சோற்றை மறுக்கிறது. ‘ரெண்டு நாளா முறைச்சிக்கிட்டே திரியுது’ என்று விட்டுவிட இவ்வளவும் போதும். மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் ஊற்றுபவர்களும் உண்டு. இது அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அவசரம். உள்ளூரில் குழாய் செருகி அடைப்பை நீக்க வசதி இல்லையென்றால், செங்கல்பட்டிலிருந்து சுமார் 55 கி.மீ. தள்ளி வேப்பேரியில் இருக்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்காவது இரவோடு இரவாகக் கிளம்ப வேண்டும். கோபம் தணியட்டும் என்று காத்திருப்பது கொலைக்குச் சமம். சொல் கடுமையானதுதான், நிலவரமும் கடுமையானதே.

வயதான பூனைகளின் கதை வேறு. சிறுநீரகம் தளர்ந்தாலும், சர்க்கரை நோய் வந்தாலும், தைராய்டு மிகைப்பட்டாலும் நீர் அதிகம் பிரியும். பெட்டி சீக்கிரம் நிரம்பிவிடும், எட்டும் முன்னே முட்டிவிடும். மூட்டும் தேய்கிறது. 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்த 2002ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில் 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானத்தின் அடையாளம் இருந்தது. ஒரு சாண் உயர விளிம்பைத் தாண்டி உள்ளே இறங்குவது அவற்றுக்கு வேதனை. பெட்டியின் ஒரு பக்கத்தை அறுத்துத் தாழ்த்திவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

பழிவாங்கல் கட்சியின் வலுவான வாதம் இனிமேல்தான். ஊருக்குப் போய்வந்த பிறகே செய்கிறது, அதுவும் என் படுக்கையிலேயே செய்கிறது. இதற்கு மண்ணும் மூட்டும் எப்படிக் காரணமாகும்? கேள்வி நியாயமானது. கவனிப்பும் சரியானது, அதிலிருந்து இறங்கும் முடிவுதான் தவறு. ஒஹாயோவில் 12 ஆரோக்கியமான பூனைகளையும் அழற்சியுள்ள 20 பூனைகளையும் 77 வாரம் கவனித்த ஆய்வு 2011இல் வெளியானது. பராமரிப்பவர் மாறிய வாரங்களிலும் அன்றாட ஒழுங்கு குலைந்த வாரங்களிலும் பெட்டிக்கு வெளியே கழிப்பது கூடியது, தீனி குறைந்தது. நோயுள்ள பூனைகளில் மட்டுமல்ல, ஆரோக்கியமானவற்றிலும் இப்படித்தான். அந்தப் பூனைகள் யாரைப் பழிவாங்கின? ஆய்வுக்கூடத்தில் வாழ்ந்த அவற்றுக்கு எஜமானரும் இல்லை, எஜமானரின் மெத்தையும் இல்லை. ஒழுங்கு குலைந்தால் பூனையின் உடம்பு குலைகிறது, அவ்வளவுதான். தீபாவளி வெடி, வெள்ளையடிப்புக்காக இடம் மாறும் பீரோவும் கட்டிலும், போகியன்று விடியும் முன்னே தெருவில் அடிக்கும் மேளம், பேத்தியின் காதுகுத்துக்கு வந்து நிறைந்த உறவினர் கூட்டம் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். இவற்றில் எதற்காகவும் பூனை யார்மீதும் கோபப்பட வேண்டிய அவசியம் இல்லை.

படுக்கைக்கும் விளக்கம் இருக்கிறது. பிரிவால் வரும் தொல்லையுள்ள 136 பூனைகளின் பதிவுகளைத் தொகுத்து 2002இல் ஸ்டெஃபனி ஷ்வார்ட்ஸ் என்ற கால்நடை மருத்துவர் வெளியிட்ட ஆய்வில், இடம் மாறிச் சிறுநீர் கழித்தவற்றில் பெரும்பாலானவை உரியவரின் படுக்கையில்தான் கழித்தன. வீட்டிலேயே அந்த ஆளின் வாடை அதிகம் ஏறிய இடம் படுக்கை. தவிக்கும் பூனை தன் வாடையை அந்த வாடையோடு கலந்துவைக்கிறது என்று கொள்வது பூனையின் மற்ற நடத்தைகளோடு ஒத்துப்போகிறது; வாசலில் நுழைபவரின் காலில் கன்னத்தை உரசுவதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த செயல்தான். நாய் ஆளோடு, பூனை வீட்டோடு என்பார்கள். ஆனால் 2019இல் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டின் விட்டேல் குழு, குழந்தைகளுக்குச் செய்யும் பிரிவுச் சோதனையைப் பூனைக்குட்டிகளிடம் செய்துபார்த்தபோது, சுமார் 64 சதவீதக் குட்டிகள் வளர்ப்பவரிடம் பாதுகாப்பான பற்றுக் காட்டின. வெறுப்பின் அடையாளம் என்று தூற்றப்படும் ஈரம் அந்தப் பற்றின் பக்கவிளைவாகவும் இருக்கக்கூடும். மெத்தைக்குச் சொந்தக்காரருக்கு இது ஆறுதலா என்பது வேறு விஷயம்.

‘அப்படியானால் செய்துவிட்டு ஏன் ஓடி ஒளிகிறது? குற்றம் செய்தது அதற்கே தெரியுமே’ என்பது அடுத்த வாதம். நாய்களை வைத்து அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 2009இல் செய்த சோதனை இங்கே உதவும். நாயின் ‘குற்ற முகம்’ அது தப்பு செய்ததா இல்லையா என்பதைப் பொறுத்து வரவில்லை, எஜமானர் திட்டினாரா இல்லையா என்பதைப் பொறுத்தே வந்தது. தப்பே செய்யாத நாயும் திட்டு வாங்கியதும் அந்த முகத்தைக் காட்டியது. நாயைப் பற்றியது பூனைக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் துடைப்பத்தோடு வரும் காலடிச் சத்தத்துக்குப் பூனை கட்டிலடியில் நுழைவதற்குக் குற்ற உணர்வு எதற்கு, பயம் போதாதா? சிறுநீரில் மூக்கைத் தேய்த்தால் புத்தி வரும் என்ற பழைய முறையும் இப்படித்தான். பூனை அதில் கற்பது தேய்த்த கையைப் பற்றி மட்டுமே. பிறகு அது ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போகும். உடனே ‘பார்த்தீர்களா, திருட்டுத்தனம்’ என்பார்கள்.

சுவரிலும் திரையிலும் பீய்ச்சுவது முற்றிலும் தனி. அப்போது பூனை குந்துவதில்லை. நின்றபடி, வாலை நிமிர்த்தி நுனி நடுங்க, பின்னோக்கிச் சிறிதளவு தெளிக்கும். இது எல்லைக்குறி. கருத்தடை செய்தால் பத்தில் ஒன்பது கடுவன்களிடம் இது நின்றுவிடும் அல்லது வெகுவாகக் குறைந்துவிடும். செய்த பிறகும் சுமார் 10 சதவீத ஆண்களும் 5 சதவீதப் பெட்டைகளும் தெளிப்பதுண்டு. மழைக்காலத்தில் தெருக் கடுவன்கள் கார் நிறுத்துமிடத்திலும் படிக்கட்டிலும் ஒதுங்கும்போது மேல்மாடி ஜன்னலிலிருந்து அவற்றைப் பார்க்கும் வீட்டுப் பூனை திரையில் குறிவைக்கும். அதற்குப் பகை கீழே நிற்கும் கடுவனோடு.

இந்த வாதங்களையெல்லாம் ஏற்றுக்கொண்ட சிலர் எதிர்க்கோடிக்குப் போய்விடுகிறார்கள். எல்லாம் மன அழுத்தம். பிளக்கில் செருகும் வாசனைக் குப்பியும் விலையுயர்ந்த மண்ணும் வாங்கினால் சரியாகிவிடும் என்று கடைக்காரரும் சொல்லிவிடுவார். சிறுநீரைப் பரிசோதிக்காமல் ‘ஸ்ட்ரெஸ்’ என்று முத்திரை குத்துவது, பரிசோதிக்காமல் ‘வஞ்சம்’ என்று குத்துவதற்கு எள்ளளவும் மேலானதல்ல. கல் இருக்கும் பூனைக்கு வாசனைக் குப்பி என்ன செய்யும்? ஒரு பூனைக்கு இரண்டு பெட்டி, இரண்டு பூனைக்கு மூன்று என்ற பிரபலமான விதியையும் இப்படித்தான் எண்ணிக்கையாகவே பிடித்துக்கொள்கிறார்கள். மூன்று பெட்டியையும் ஒரே மூலையில் அடுக்கினால் பூனைக் கணக்கில் அது ஒரு பெட்டிதான். அந்த மூலைக்குப் போகும் நடைவழியில் வலிய பூனை காலை நீட்டிப் படுத்துக்கொண்டால் போதும். சீறலும் இல்லை, சண்டையும் இல்லை, எளிய பூனை அந்தப் பக்கம் வராது. வீட்டாருக்கோ இரண்டும் ஒற்றுமையாக இருப்பதாகத் தோன்றும்.

பூனைக்கு உள்நோக்கம் கற்பிக்கும் மரபுக்கு மாமல்லபுரமே கல்லில் சாட்சி வைத்திருக்கிறது. அருச்சுனன் தபசு என்று வழங்கும், 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் காலப் புடைப்புச் சிற்பத்தில், பெரிய யானைகளுக்கு அருகே ஒரு பூனை பின்னங்காலில் நின்று முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது, சுற்றிலும் எலிகள். மேலே ஒற்றைக் காலில் நிற்கும் தவசியின் அதே கோலம். எலிகளை ஏமாற்றிய போலித் துறவிப் பூனையின் கதை மகாபாரதத்திலும் வருகிறது. சிற்பி செய்தது கேலி, அதன் குறி மனிதர். பூனை உண்மையிலேயே தவ வேடம் போடும் என்று அவர் நம்பியிருக்க மாட்டார். அந்தக் கேலியை உயிரியல் பாடமாக எடுத்துக்கொண்டு, கட்டிலுக்கு அடியில் ஒடுங்கிக் கிடக்கும் பூனையிடம் சதியைத் தேடுவது பின்னால் வந்தவர்கள் செய்த கோளாறு.

இந்தக் கோளாறின் கடைசிக் கட்டம் கோணிப்பை. ‘திருந்தாது’ என்று முடிவுகட்டிய பூனையைச் சாக்கில் கட்டி, மீன் மார்க்கெட்டிலோ கோவளம், நெம்மேலிப் பக்கத்துக் கடற்கரையிலோ அவிழ்த்துவிட்டு வருவார்கள். மீன் கிடைக்கும், பிழைத்துக்கொள்ளும் என்று மனச்சாட்சிக்கு ஒரு சமாதானம். பட்டினியால் வாடும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் குற்றம் என்பது பலருக்குத் தெரியாது. ஃபிளாட்டில் வளர்ந்த பூனைக்குத் தெருக் கடுவனையும் நாயையும் சமாளிக்கத் தெரியாது என்பதையும் யோசிப்பதில்லை. ஒருவேளை அது பிழைத்துவிட்டால், சில வாரம் கழித்துப் பார்த்தவர் வந்து சொல்வார்: அங்கே ஒழுங்காக மண்ணைத் தோண்டிப் போய் மூடிவிட்டு வருகிறது, வீட்டில்தான் அத்தனை அழும்பு. அங்கே அதற்கு மணல் கிடைத்திருக்கிறது. லாவெண்டர் இல்லை, பினாயில் இல்லை, அதிரும் இயந்திரம் இல்லை, சாத்திய கதவும் இல்லை. தின்னுவது ஈரமுள்ள மீன். வீட்டில் எதைச் சரிசெய்திருக்க வேண்டும் என்பதற்கு அந்தச் சாட்சியே போதும். பூனையின் குணம் பற்றி அது எதையும் சொல்லவில்லை.